பெட்டிக்கு ஒரு கொண்டி

சிங்கப்பூரின் தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பைகளும் பெட்டிகளும் விற்றுப் பழுதுபார்க்கும் கடை ஒன்றைப் பதினோரு வருடமாக நடத்தி வருகிறேன். ஐந்தடி நடைபாதையை ஒட்டிய சின்னக் கடை. நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டால் எனக்குப் பின்னால் இன்னொருவர் போக முடியாது. அதற்கு முன் ஆங் மோ கியோவில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். அச்சில் அடித்து வரும் சின்னச் சின்ன உலோகப் பாகங்களை அளந்து பார்த்து, தேறுவதையும் தேறாததையும் பிரித்து வைப்பது என் வேலை. தேறாத ஒன்றுக்கு ஒரு நாளும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. பிறகு தொழிற்சாலையை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டு போனார்கள், எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது விவரம் தெரியாதவள் செய்த காரியம் இல்லை.

ஞாயிறு மதியம் தேக்காவில் நடக்க வழி இருக்காது. வாரம் முழுவதும் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்பவர்கள் அன்று ஒரு நாள்தான் வெளியே வருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒருவர் நீலத் தகர டிரங்குப் பெட்டி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து என் கடை முன்னால் இறக்கினார். நாற்பது வயது இருக்கும். வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் டார்மில் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைப்பதற்கென்று வாங்குவார்களே, அந்த மாதிரிப் பெட்டி. மூடியை இழுத்துப் பிடிக்கும் கொண்டி முன்பக்கம் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று இல்லவே இல்லை, ரிவெட் ஆணி இருந்த ஓட்டைகள் மட்டும் தெரிந்தன. இன்னொன்று ஒரே ரிவெட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, ரெண்டு லாக்கையும் மாத்திக் குடுங்க. கார்கோல போடணும்" என்றார்.

"ஊருக்கா?"

"ஆமாக்கா. பெட்டி என்னோடது இல்ல. ரூம்ல மேல் கட்டில்ல படுத்திருந்தவரு. தவறிட்டாரு."

அவராகவே சொன்னார். விடியற்காலை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் எழுப்பியிருக்கிறார்கள், எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருக்கிறார். வயது முப்பத்து நான்கு. ஊரில் மனைவியும் ஐந்து வயதுப் பெண் குழந்தையும். உடலை மூன்று நாளைக்கு முன் விமானத்தில் அனுப்பியாகிவிட்டது. சாமான்களை அனுப்பும் பொறுப்பு, பக்கத்து ஊர்க்காரர் என்பதால், இவர் தலையில் விழுந்திருந்தது.

நான் டப்பாவைத் துழாவிப் பார்த்தேன். அந்த அளவுக் கொண்டி தீர்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன்.

"நாளைக்கே கார்கோ ஆளு டார்முக்கு வந்துருவாருக்கா. எனக்கு இன்னிக்கு விட்டா லீவு கெடையாது."

கடை வாசலில் அதே ரகத்தில் மூன்று புதுப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒன்றிலிருந்து இரண்டு கொண்டிகளைக் கழற்றி இதில் பொருத்தியிருக்கலாம். பழைய ஓட்டைகள் பெரிதாகியிருந்ததால் புதிதாகத் துளை போட வேண்டியிருக்கும். அரை மணி நேர வேலை. அவருக்குப் பின்னால் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"கயிறு போட்டு இறுக்கிடுவோம் தம்பி. ஒன்னும் ஆகாது லா. எத்தனை பெட்டி இப்படிக் கட்டி அனுப்பிருக்கேன்."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சரி என்றார். பச்சை நைலான் கயிற்றை எடுத்தேன். மூடி சரியாக உட்காராததால் ஒரு முறை திறந்து உள்ளே இருந்ததை அமுக்க வேண்டியிருந்தது. மடித்து வைத்த துணிகள், பிரிக்காத ஒரு போன் பெட்டி, பிளாஸ்டிக் உறையோடு ஒரு சின்னக் கவுன். எல்லாவற்றுக்கும் மேலே முடிச்சுப் போட்ட ஒரு வெள்ளைப் பை. அதன்மேல் கையை வைத்து அழுத்தினேன்.

"அத மட்டும் அமுக்காதீங்கக்கா" என்றார் அவர். "கடைசியாப் போட்டிருந்த சட்டை. துவைக்காம அப்படியே அனுப்பச் சொன்னாங்க, வீட்ல."

கையை எடுத்துவிட்டேன். அதைக் கேட்ட பிறகும் வாசலில் இருந்த பெட்டியை நான் இறக்கவில்லை. நீளவாக்கில் இரண்டு சுற்று, குறுக்கே ஒரு சுற்று போட்டு முடிந்து கொடுத்தேன். காசு வேண்டாம் என்று சொன்னேன். அதை அன்றைக்கு ஒரு நல்ல காரியமாக நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். கையில் பெட்டி இல்லை. போனில் ஒரு படத்தைக் காட்டினார். சிமெண்டுத் தரையில் அதே நீலப் பெட்டி. மூடியின் ஒரு மூலை மேலே வளைந்து நின்றது. கயிறு ஓரத்துக்கு நழுவியிருந்தது. அதன்மேல் யாரோ பழுப்பு டேப்பைச் சுற்றியிருந்தார்கள். வழியில் எங்கேயோ பெட்டி விழுந்து திறந்துகொண்டிருக்கிறது. சிதறியதை அள்ளிப் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

"என்ன காணோம்?"

"போனு. புள்ளைக்கு வாங்குன கவுனு. அந்தப் பையி."

"சட்டை இருந்த பையா?"

"ஆமாக்கா. குப்பைன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டிருப்பாங்க. பாக்க அழுக்குத் துணிதானே."

இழப்பீடு கேட்கும் படிவம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஆங்கிலத்தில் நிரப்பித் தர வேண்டும் என்றார். நிரப்பினேன். பொருள், விவரம், மதிப்பு என்று மூன்று கட்டங்கள். போனுக்கும் கவுனுக்கும் எழுதிவிட்டேன். மூன்றாவது வரியில் சட்டை, பழையது என்று எழுதிவிட்டு, "இதுக்கு என்ன போட?" என்று கேட்டேன். அந்தக் கட்டத்தை அப்படியே விட்டோம்.

"கோவமா தம்பி?" என்று கேட்டேன்.

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்குப் போகும்போது வாசலில் இருந்த புதுப் பெட்டி ஒன்றிலிருந்து ஒரு கொண்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். சமையலறை மேசையில் வைத்து அக்கக்காகப் பிரித்தேன். என் கணவர் பேருந்து ஓட்டுநர், அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, இது எப்படி உடைகிறது என்று பார்க்கிறேன் என்றேன்.

பார்க்க ஒன்றும் கஷ்டமாக இல்லை. தொழிற்சாலையில் என் கைக்கு வந்திருந்தால் முதல் பார்வையிலேயே தேறாது என்று ஒதுக்கியிருப்பேன். கொண்டியைத் திறக்கும் நெம்புகோல் பெட்டிக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. தூக்கிப் போடும் இடத்தில் எது பட்டாலும் அது மாட்டிக்கொள்ளும். உள்ளே ஒரு மெல்லிய ஸ்பிரிங். அது களைத்துவிட்டால் பிடிப்பு போய்விடும். மொத்த இழுப்பும் இரண்டு சின்ன ரிவெட்டில் விழுகிறது. அந்த ரிவெட்டும் காகிதம் போன்ற தகரத்தில் அறைந்தது. ரிவெட் உடைவதில்லை, தகரம்தான் கிழிகிறது. பதினோரு வருடமாக இந்தக் கொண்டிகளை நான் விற்றிருக்கிறேன்.

ஸ்பிரிங் இல்லாமல் ஒரு கொண்டி செய்ய வேண்டும், வெளியே எதுவும் துருத்தக் கூடாது, இழுப்பு ஒரே இடத்தில் விழக் கூடாது என்று பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதினேன். வரைந்து வரைந்து கடைசியில் வந்தது இதுதான். மூடியிலிருந்து தொங்கும் ஒரு தட்டையான எஃகுப் பட்டை. அதன் நடுவே நீளவாக்கில் ஒரு துளை. பெட்டியில் அந்தத் துளைக்குள் நுழையும் அளவுக்கு ஒரு நீளத் தலைக் குமிழ். பட்டையைக் குமிழின்மேல் மாட்டி, குமிழைக் கால் சுற்றுத் திருப்பினால் பட்டை வெளியே வராது. உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு வைத்து, தகரத்தை அதற்கும் குமிழின் அடிக்கும் நடுவே பிடித்து ரிவெட் அடிப்பது. தகரம் கிழிய வேண்டுமென்றால் அந்தத் தகடு அகலத்துக்குக் கிழிய வேண்டும்.

முன்பு என்னோடு வேலை பார்த்த சீனர் ஒருவர் ஆங் மோ கியோவிலேயே சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் படத்தைக் கொண்டுபோனேன். இந்தக் காலத்தில் யார் தகரப் பெட்டியோடு பயணம் போகிறார்கள் என்று கேட்டார். போகிறவர்கள் என் கடைக்கு வருகிறார்கள் என்றேன். அவர் இயந்திரம் சும்மா இருக்கும் நேரத்தில் வெட்டித் தருவதாக ஒத்துக்கொண்டார்.

பட்டறையின் சரக்கு மேடை என் இடுப்பு உயரம். ஒரு பெட்டியில் முப்பது கிலோ அரிசியை நிரப்பி, மூலை தரையில் படும்படி அங்கிருந்து தள்ளிவிட்டோம். முதல் தடவை நான்கு முறை விழுவதற்குள்ளேயே குமிழ் தானாகத் திரும்பிக்கொண்டது. மூடி திறந்து அரிசி சிமெண்டுத் தரை முழுக்கச் சிதறியது. கூட்டி அள்ளும்போது எனக்குத் தம்பி போனில் காட்டிய படம்தான் கண்ணில் நின்றது. யாரோ ஒருவர் இப்படித்தானே அள்ளியிருப்பார். கவுனைப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டிருப்பார், பையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்திருப்பார்.

இரண்டாவது முறை குமிழின் தலைக்கு அடியில் ஒரு பள்ளம் வெட்டினோம். பட்டையை லேசாக வளைத்துவிட்டால் அதுவே அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அழுத்தினால்தான் குமிழ் திரும்பும். அது பிடித்தது. ஆனால் பட்டையின் ஓரத்தைத் தேய்க்க மறந்துவிட்டோம், என் உள்ளங்கை கிழிந்து ஐந்து தையல். மூன்றாவது முறை கொண்டி அசையவில்லை, பின்னால் இருந்த கீல் பிய்த்துக்கொண்டது. கீலுக்கும் தகடு வைத்தோம். இப்படியே மாதங்கள் போயின. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுப் பட்டறைக்கு ஓடினேன். செய்த தவறுக்கு ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆரம்பத்தில் அந்தத் தம்பி எப்போதாவது கடைப் பக்கம் வருவார். செய்து வைத்த கொண்டியைக் காட்டுவேன், தலையாட்டுவார். பிறகு வருவதை நிறுத்திவிட்டார். ஆறு மாதம் ஆகியிருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தை முனையில் அவரைப் பார்த்தேன். ஆள் இளைத்திருந்தார்.

"ஊருக்குப் போகலயா தம்பி? லீவு எடுக்கப் போறேன்னு சொன்னீங்களே."

"எங்கக்கா போறது" என்றார். "ஊர்ல நான் எடுத்துட்டேன்னு பேச்சு."

"எத?"

"போன, கவுன. பெட்டிய நானே ஒடச்சு எடுத்துட்டு, வழியில ஒடஞ்சதாக் கத கட்டுறேன்னு தவறினவரோட மச்சான் சொல்லிட்டாரு. செத்தவன் பெட்டியில கைய வச்சவன்னு என் பேரு ஆயிப்போச்சு. அம்மா ரேசன் கடைக்குப் போனாக்கூட எல்லாரும் ஒதுங்கி நிக்கறாங்களாம்."

"கயிறுதான் கட்டுனதுன்னு நீங்க சொல்லலயா?"

"சொன்னேன். ஏன் லாக் போடலன்னு கேட்டாங்க. கடை லீவுன்னு சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உங்கள எதுக்கு இழுக்கணும்னுதான். அதுதாங்க்கா தப்பாப் போச்சு. ஞாயித்துக்கெழம தேக்காவுல கட லீவான்னு சிரிச்சிருக்காங்க. எங்க ஊர்ல பாதிப் பேரு இங்க வந்து போனவங்க. அதுலயே நான் பொய் சொல்றேன்னு முடிவு பண்ணிட்டாங்க."

அன்று கடையை எப்படி நடத்தினேன் என்று ஞாபகம் இல்லை. வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"எறந்தவரு சம்சாரம் நம்பர் வாங்குனியா?"

"வாங்கினேன்."

"அப்புறம் என்ன? போன் பண்ணி, நான்தான் செஞ்சேன்னு சொல்லிடு."

"கொண்டி இன்னும் ரெண்டு மூனு வாரத்துல முடிஞ்சிடும். அதையும் சேத்துச் சொல்லலாம்னு பாக்கறேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அந்த வீட்ல இப்ப யாரு பெட்டி கேட்டா?" என்றார்.

அப்படியும் நான் உடனே பேசவில்லை. மூன்று வாரம் பட்டறைக்குத்தான் போனேன். எஃகை வளைப்பதும் தேய்ப்பதும் எனக்கு வரும். ஒரு போன் எடுத்து முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் பேசுவது வரவில்லை. ஏழு மாதமும் நான் அதிலிருந்துதான் ஓடிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது. கடைசியில் பெட்டி இருபது முறை விழுந்தும் திறக்காத நாள் வந்தது. சீனர் கைதட்டினார். அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, எனக்கு இனிமேல் சாக்கு எதுவும் இல்லை என்று நினைத்தேன். மறுநாள் பகல், கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கூப்பிட்டேன்.

"யாருங்க?"

"சிங்கப்பூர்லருந்து பேசறேம்மா. உங்க வீட்டுக்காரரு பெட்டியக் கட்டிக் குடுத்த கடைக்காரம்மா."

பின்னால் ஒரு குழந்தை வாய்விட்டுப் பாடம் படிப்பது கேட்டது. "சொல்லுங்க" என்றாள்.

ஒன்று விடாமல் சொன்னேன். அவர் இரண்டு லாக்கும் மாற்றத்தான் கேட்டார், வாசலில் புதுப் பெட்டி இருந்தது, கூட்டத்தைப் பார்த்து நான்தான் கயிறு போதும் என்று சொன்னேன், கடை திறந்துதான் இருந்தது, என்னைக் காப்பாற்றத்தான் அவர் பொய் சொன்னார். அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தும் கட்டினேன் என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று முந்தின நாள் நினைத்திருந்தேன்.

நான் முடித்ததும், "கயிறு என்ன கலருங்க?" என்று கேட்டாள்.

"பச்சை."

"ஆமா. இங்கதான் கெடக்கு. அதுலதான் ஆட்டக் கட்டிப் போட்டிருக்கோம்."

மேசைக்கு அடியில் கிடந்த பச்சைக் கயிற்றுச் சுருளைக் காலால் உள்ளே தள்ளினேன்.

"அவரு எடுக்கலன்னு எனக்கு மொதல்லயே தெரியும்ங்க" என்றாள். "எடுக்கறவரு சட்டைய எதுக்கு எடுக்கப் போறாரு?"

"அப்ப ஏம்மா..."

"நான் சொன்னா யாரு கேக்குறா? போனு போச்சு, கவுனு போச்சுன்னுதான் எல்லாரும் பேசறாங்க. சட்ட போனத நான் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா, கிறுக்கு புடிச்சிருச்சும்பாங்க." குழந்தையை உள்ளே போய்ப் படிக்கச் சொல்லிவிட்டு வந்தாள். "தலகாணிக்குக் கீழ வச்சுக்கலாம்னு நெனச்சேன். சரி விடுங்க."

மன்னிப்புக் கேட்டேன். "எங்க அண்ணன்கிட்ட இதயே சொல்லுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். சொல்வேன் என்றேன். சாயங்காலம், தம்பிமேல் பழி சொன்ன அந்த அண்ணனே கூப்பிட்டார். பத்து நிமிடத்துக்கு மேல் திட்டினார். கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார், ஆள் அனுப்புவதாகச் சொன்னார். விலாசம் சொன்னேன். யாரும் வரவில்லை. இரண்டு பேரிடமும் கொண்டியைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. எடுப்பதற்கு அதில் இடம் இல்லை.

அந்த ஞாயிறு தம்பியை வரவழைத்து நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அவர் முகம் மாறியது.

"இப்பச் சொல்றீங்க" என்றார். "நான் மொதல்ல படத்தக் காட்டுன அன்னிக்கே ஒரு போன் பண்ணிருக்கலாமே. இந்த இரும்ப வச்சுக்கிட்டு இத்தன மாசமா என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"நீங்க சொல்றது சரிதான் தம்பி."

அவர் கூட்டத்துக்குள் போய்விட்டார். பின்னாலேயே போக நினைத்தேன், ஆனால் கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

சீனரின் பட்டறையில் அறுபது ஜோடி அடித்து வாங்கினேன். டிரங்குப் பெட்டி வாங்க வருகிறவர்களுக்கு அதையே போட்டுக் கொடுக்கிறேன். பழைய பெட்டியைத் தூக்கி வருகிறவர்களுக்கும் மாற்றுகிறேன், எத்தனை பேர் நின்றாலும். இதுவரை ஒன்றும் திறந்துகொண்டதாகப் புகார் வரவில்லை. வியாபாரம் என்று சொல்ல முடியாது. சக்கரம் வைத்த பெட்டிதான் எல்லோரும் கேட்கிறார்கள். பாதிக்கு மேல் இன்னும் டப்பாவில் கிடக்கிறது.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி மறுபடி வந்தார். இங்கே வேலை ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஊருக்குப் போகாமல் துபாய்க்குப் போகிறேன் என்றார். ஒரு துணிப் பை கொண்டுவந்திருந்தார், தோள்வாரில் தையல் விட்டிருந்தது. நான் தைத்துக் கொடுக்கும்வரை நின்றுகொண்டிருந்தார். மேசையில் கிடந்த கொண்டியை எடுத்து இரண்டு தடவை மாட்டித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"ஊருக்குப் போயிட்டு அப்புறம் துபாய் போகலாமே தம்பி?"

"அம்மாவ மட்டும் திருச்சிக்கு வரச் சொல்லிருக்கேன். பிளைட்டு மாறுறப்ப ஏர்போர்ட்டுல ரெண்டு மணி நேரம் கெடைக்கும். பாத்துட்டுப் போயிருவேன்."

வாரை இழுத்துப் பார்த்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

இந்த வருடம் அங்கிருந்து ஒரு குரல் செய்தி அனுப்பினார். பின்னால் இயந்திரங்களின் சத்தம். "அக்கா, தவறினவரோட வருசத் திதிக்கு அம்மாவக் கூப்பிட்டாங்களாம். அவரு சம்சாரமே வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போச்சாம். அம்மா போயிச் சாப்பிட்டுட்டு வந்துச்சு. மச்சான்காரரு மட்டும் பேசலயாம். சொல்லணும்னு தோணுச்சு."

நீங்கள் எப்போது ஊருக்குப் போகிறீர்கள் என்று எழுதிக் கேட்டேன். பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "தெரியலக்கா."